மாசி இல்லாத மரக்கறி

வியட்நாமுக்குப் போகப்போகிறேன் என்று நான் சொன்னபோது திருகோணமலையில் ஒருவரும் நம்பவில்லை. யுத்த காலத்தில் எங்கள் ஊரிலிருந்து விமானம் ஏறியவர்கள் திரும்பி வருவதற்காக ஏறியதில்லை. "எந்த ஏஜென்சி பிள்ளை? அங்கயிருந்து கனடாவுக்கோ?" என்று பக்கத்து வீட்டு மாமி மதிலுக்கு மேலால் எட்டிக் கேட்டார். சும்மா பார்க்கத்தான் போறன் மாமி, அடுத்த கிழமை வந்திடுவன் என்றேன். "ஓம் ஓம், வருவாய்" என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டார். நான் திரும்பி வந்து அவர் கையில் தேங்காய் டொபிப் பெட்டியைக் கொடுத்தபோதுதான் நம்பினார். அப்போதும் அவர் முகத்தில் கொஞ்சம் ஏமாற்றம் தெரிந்தது.

நான் அந்த நாட்களில் துறைமுகத்துக்குக் கிட்ட, மீனவர் சங்கம் ஒன்றின் கந்தோரில் வேலை செய்தேன். சண்டை நிறுத்தம் வந்து கொஞ்சக் காலம்தான். சனங்கள் மெல்ல மூச்சுவிடத் தொடங்கியிருந்தார்கள். ஆனாலும் கடலுக்கு இறங்கப் பாஸ் வேண்டும், பெரிய எஞ்சின் பூட்டக்கூடாது, பொழுதுபட்டால் இந்த எல்லைக்கு அப்பால் போகக்கூடாது என்று ஆயிரம் சட்டம் அப்படியே இருந்தது. அப்போது ஒரு வெளிநாட்டுத் தொண்டு நிறுவனத்துக்கு ஒரு யோசனை வந்தது. பெரிய சண்டை நடந்து முடிந்த நாடொன்றில் கரையோரச் சனங்கள் எப்படி எழும்பினார்கள், மீனை எப்படிப் பதப்படுத்துகிறார்கள் என்று எங்களில் சிலரைக் கூட்டிப்போய்க் காட்டலாம் என்று. பயிற்சி என்று பெயர். உள்ளதைச் சொன்னால், ஊர் பார்ப்பதும் சாப்பிடுவதும்தான் வேலை. மீன் சம்பந்தமாகக் கடைசியில் ஒரே ஒரு இடம். நான் அதைப் பற்றி மூச்சுக் காட்டவில்லை. எனக்குச் சாப்பாடு என்றால் உயிர்.

போனது மூன்று பேர். இங்கிலிஸ் தெரிந்தவள் என்பதால் மொழிபெயர்க்க நான். கிண்ணியாவில் கருவாட்டு வியாபாரம் செய்யும் நானா ஒருவர்; முஸ்லிம் அண்ணன்மாரை நாங்கள் அப்படித்தான் கூப்பிடுவோம். ஐம்பதைத் தாண்டியவர், வெள்ளைத் தொப்பி, வாயைத் திறந்தால் பகிடி. மூன்றாவது ஆள் சல்லிக் கிராமத்தில் கருவாடு போடும் பெண்களின் சங்கத் தலைவி. என்னைவிட மூத்தவர், அக்கா என்றுதான் கூப்பிடுவேன். அவர் போடுகிற கருவாட்டைத்தான் நானா எடுத்து விற்பார். உப்புக் கூடிவிட்டது, காய்ச்சல் போதாது என்று நானாவும், வாங்க விருப்பமில்லையென்றால் விட்டிட்டுப் போங்கோ என்று அக்காவும் வருடக்கணக்காகச் சண்டை பிடித்து, கூடப்பிறந்தவர்கள் போல ஆகியிருந்தார்கள்.

அக்காவைப் பற்றி ஒன்றை முதலிலேயே சொல்லவேண்டும். அவருடைய கணவர் சில வருடங்களுக்கு முன் ஒரு பின்னேரம் கடலுக்குப் போனவர். வள்ளமும் வரவில்லை, அவரும் வரவில்லை, வலைத்துண்டுகூடக் கரை ஒதுங்கவில்லை. கடலில் ஆர் ஆரைச் சுட்டது, ஆர் ஆரைப் பிடித்தது என்று கேட்டுப் போன இடமெல்லாம் தங்களுக்குத் தெரியாது என்றார்கள். அக்கா சல்லி அம்மன் கோயிலில் நேர்த்தி வைத்தார். அவர் வந்து படலையைத் திறக்கும்வரை மீன் என்ற ஒன்றை வாயில் வைக்கமாட்டேன் என்று. பகல் முழுக்க மீன் வெட்டி, உப்பிட்டு, வெயிலில் பரப்பி, அந்த மணத்திலேயே படுத்தெழும்புகிற மனுசி இரவில் பருப்பும் சோறும் சாப்பிட்டார். கல்யாண வீட்டிலும் சம்பலைத் தொடமுதல், "மாசி போட்டிருக்கோ?" என்று கேட்பார். மாசிக் கருவாட்டை இடித்துத் தூவாமல் எங்கள் நாட்டில் யார் சம்பல் போடுகிறார்கள்? அதனால் சம்பலும் அவருக்கு இல்லை என்றாகிவிட்டது. கணவர் உயிரோடு இருக்கிறார் என்பதற்கு அக்காவிடம் இருந்த ஒரே பிடி அந்த நேர்த்திதான். அதைக் காப்பாற்றும்வரைக்கும் அம்மாள் அவரைக் காப்பாற்றுவாள் என்று முழு மனதாக நம்பினார். நான் கோயில் குளம் என்று அலைகிற ஆள் இல்லை. ஆனால் அக்காவுக்கு முன்னால் அதைப் பற்றி வாய் திறக்க எனக்கு ஒருநாளும் துணிவு வந்ததில்லை.

சைகோன் என்று நாங்கள் பள்ளிக்கூடத்தில் படித்த நகரத்துக்கு வேறு பெயர் வைத்து எவ்வளவோ காலமாகிவிட்டது. ஆனால் அங்குள்ள சனங்கள் இன்னும் சைகோன் என்றுதான் சொல்கிறார்கள். விமான நிலையத்தில் எங்களுக்கு வழிகாட்ட வந்தது ஓர் இளம் பெண். கண்ணாடி போட்டவள், சிரித்த முகம், இங்கிலிஸைத் தட்டித்தட்டிப் பேசினாள். நானா அன்றைக்கே அவளை மகள் என்று கூப்பிடத் தொடங்கிவிட்டார். அவளுக்கும் அந்தச் சொல் பிடித்துப்போய், கடைசிவரை அதற்குத்தான் திரும்பிப் பார்த்தாள்.

முதல் மலைப்பு தெருவைக் கடப்பதில் இருந்தது. மோட்டார் சைக்கிள்கள். இத்தனை மோட்டார் சைக்கிள் இந்த உலகத்தில் செய்திருக்கிறார்கள் என்றே எனக்குத் தெரியாது. ஒன்றில் அப்பா, அம்மா, இரண்டு பிள்ளைகள். ஒன்றில் உயிரோடு வாத்துக் கூடை. ஒன்றில் நிலைக்கண்ணாடி வைத்த அலுமாரி. நிற்கக்கூடாது, ஓடக்கூடாது, ஒரே சீராக நடந்தால் அவர்கள் விலகிப் போவார்கள் என்று அந்தப் பெண் சொன்னாள். நானா கலிமா சொல்லத் தொடங்கினார். நான் ஒரு காலை வைத்து மூன்று தரம் பின்னால் எடுத்தேன். அக்கா சேலைத் தலைப்பைச் செருகிக்கொண்டு, கண்ணை நேரே வைத்து, ஒரே நடையில் அந்தப்பக்கம் போய்விட்டார். எப்படி அக்கா என்று கேட்டேன். "அலைக்குள்ள இறங்கிற மாதிரித்தானே பிள்ளை. தயங்கினாத்தான் அடிச்சு விழுத்தும்" என்றார்.

பொழுதுபட்டபோது மலைப்பு இன்னும் கூடியது. எங்கள் ஊரில் அந்த நேரத்துக்குக் கடைப்பலகை போட்டாகிவிடும். ரோட்டில் ஒரு நாய் நடந்தால் அதுவே பெரிய விசயம். இங்கே வீட்டிலிருந்த சனம் முழுக்க நடைபாதைக்கு வந்து, முழங்கால் உயரக் கதிரைகளில் குந்தி, ஆவி பறக்கிற கோப்பைகளை முகத்துக்குக் கிட்டப் பிடித்துச் சாப்பிட்டுக்கொண்டிருந்தது. கிழவிகள் விசிறிக்கொண்டு வம்பளந்தார்கள். பிள்ளைகள் காலுக்குள் ஓடிப்பிடித்து விளையாடினார்கள். இந்த ஊரிலும்தானே குண்டு விழுந்தது, இந்தத் தெருவிலும்தானே சனம் ஓடியது என்று நினைத்தபோது எனக்குப் பொறாமையாக இருந்தது. எங்களுக்கும் இப்படி ஒரு பின்னேரம் வரும் என்று யாராவது எழுதித் தந்தால் போதும் என்றிருந்தது.

அந்தத் தெருவில்தான் முதல் சாப்பாடு. உட்காரமுதலே இரண்டு பக்கமும் விசாரணை தொடங்கியது.

"தங்கச்சி, பன்றி ஏதும் இரிக்கிதாண்டு வடிவாக் கேளுங்க."

"மாசி போட்டிருக்கோ எண்டும் கேளும் பிள்ளை. தூளாக்கிப் போட்டாலும் எனக்கு ஏலாது."

நான் கேட்டேன். பன்றி வேண்டாம், ஹலாலாக அறுக்காத மாடு கோழியும் இந்த ஐயாவுக்கு வேண்டாம், காய்ந்த மீனை இடித்து ஏதாவது தூவியிருக்கிறார்களா, இறால் துண்டு கிடக்கிறதா என்று ஒவ்வொன்றாக. அந்தப் பெண் குசினிக்குள்ளேயே போய்ப் பார்த்துவிட்டு வந்தாள். பன்றி இல்லை. காய்ந்த மீன் இல்லை. மீன் துண்டு இல்லை. இறால் இல்லை. மரக்கறி மட்டும்தான் என்றாள். அவள் சொன்னதில் ஒரு சொல்லும் பொய்யில்லை.

வந்த சாப்பாட்டைப் பார்த்து நாங்கள் மூன்று பேரும் ஒருவரையொருவர் பார்த்தோம். உள்ளி போட்டு வதக்கிய கங்குன் கீரை. எங்கள் குளக்கரையில் முளைக்கிற அதே கங்குன்! தேங்காய்ப்பாலும் மஞ்சளும் கலந்த அரிசிமாவில் மொறுமொறுவென்று சுட்ட பெரிய தோசை, உள்ளே பயறும் முளைகளும். கடைசியாக வந்ததைப் பார்த்து அக்கா வாய்விட்டே கத்தினார்: "இடியப்பம்!" நூல் எங்களுடையதைவிட மெல்லியது, மேலே வெங்காயத்தாள் தாளித்து ஊற்றியிருந்தது. மற்றப்படி இடியப்பம்தான். இத்தனை கடல் தாண்டி வந்து இடியப்பம் சாப்பிடுவேன் என்று யார் நினைத்தது?

எல்லாவற்றுக்கும் தொட்டுக்கொள்ளச் சிறு கிண்ணத்தில் ஒரு மண்ணிறத் தண்ணீர் வந்தது. தேசிக்காய்ப்புளி, சீனி, உள்ளி, நறுக்கின கொச்சிக்காய். புளிப்பா, இனிப்பா, உறைப்பா, உப்பா என்று சொல்ல ஏலாது. நாக்கு நாலு பக்கமும் ஓடியது. சோயா சோஸில் செய்திருப்பார்கள் என்று நினைத்தேன். அக்கா முதலில் நுனிவிரலால் தொட்டுப் பார்த்தார். பிறகு தோசையைத் தோய்த்தார். பிறகு கிண்ணத்தைத் தூக்கி இடியப்பத்தின் மேல் கவிழ்த்தார். "உதில இன்னுமொண்டு கேளும் பிள்ளை" என்று மூன்றுதரம் கேட்க வைத்தார். நேர்த்தி வைத்த நாளிலிருந்து அவர் ஒரு சாப்பாட்டை இப்படி ருசித்துச் சாப்பிட்டதை நான் பார்த்ததில்லை. நானா தன் கிண்ணத்தையும் அவர் பக்கம் தள்ளிவிட்டார். எனக்குச் சந்தோசமாக இருந்தது.

அடுத்த நாள் சிறிய பஸ் ஒன்றில் மீகொங் ஆற்றுப்பக்கம் போனோம். வழியில் ஒரு கூத்து நடந்தது. பாலம் ஒன்றுக்கு முன்னால் பஸ் வேகம் குறைத்து நின்றது. பச்சை உடுப்புப் போட்ட ஒருவன் கையைக் காட்டினான். அவ்வளவுதான். எங்கள் மூவருக்கும் யாரும் சொல்லித்தரத் தேவையிருக்கவில்லை. பையைத் தோளில் போட்டு, கடவுச்சீட்டைக் கையில் எடுத்து, கதவைத் திறந்து இறங்கி, ரோட்டோரத்தில் வரிசையாக நின்றோம். நானா தொப்பியைக் கழற்றி, தடவிப் பார்க்க வசதியாக இரண்டு கையையும் தூக்கிவிட்டார். பச்சை உடுப்புக்காரன் எங்களைப் பார்த்துப் பயந்துபோனான். அது சோதனைச்சாவடி இல்லையாம், பாலத்துக்குக் காசு வாங்குகிற இடமாம். வழிகாட்டிப் பெண் இறங்கி ஓடிவந்து, யாருக்காவது வயிற்றாலடியா என்று கேட்டாள்.

நான் விளக்கினேன். எங்கள் ஊரில் இப்படி நின்றால் இறங்க வேண்டும், சாமானோடு இறங்க வேண்டும், நடந்து அந்தப்பக்கம் போய்த் திரும்ப ஏற வேண்டும். அவள் சிரிக்கவில்லை. தன் அம்மாவும் அந்தக் காலத்தில் இப்படித்தான் இறங்கி ஏறினவர் என்றாள். நாங்கள்தான் பஸ்ஸில் ஏறியபின் சிரிக்கத் தொடங்கினோம். "நானா கை தூக்கின வடிவு! அவன் என்ன செய்யிறதெண்டு தெரியாம முழுசினான்" என்று அக்கா கண்ணில் தண்ணீர் வரும்வரை சிரித்தார்.

ஆற்றைப் பார்த்ததும் சிரிப்பு நின்றுவிட்டது. மகாவலி கடலில் விழுகிற இடத்தைப் பார்த்து வளர்ந்தவள் நான். இருந்தாலும் இது ஆறு என்று நம்ப எனக்குக் கொஞ்ச நேரம் எடுத்தது. அதன் மேல் ஒரு சந்தையே மிதந்தது. வள்ளங்களின் மூக்கில் கண் வரைந்திருந்தார்கள். விற்கிற சாமானை நீண்ட தடியில் கட்டி உயரத் தூக்கி வைத்திருந்தார்கள். அன்னாசி தொங்கினால் அன்னாசி வள்ளம், பூசணி தொங்கினால் பூசணி வள்ளம். கூவி விற்கத் தேவையில்லை, தூரத்திலேயே தெரிந்தது. பெண்கள் நின்றபடி துடுப்புப் போட்டார்கள். ஒரு மனுசி ஆடுகிற வள்ளத்தில் அடுப்பு மூட்டிச் சூப் காய்ச்சி, ஒரு துளி சிந்தாமல் எங்கள் வள்ளத்துக்கு நீட்டினாள். எங்களுக்கென்று இறைச்சி போடாமல், கீரையும் காளானும் போட்டுத் தந்தாள். அக்கா குடித்துவிட்டு, நாக்கைச் சப்பிக்கொண்டு, இந்த ஊர் உப்பிலயே ஒரு ருசி இருக்கு என்றார்.

எஞ்சின்களைத்தான் நானா பார்த்துக்கொண்டிருந்தார். நீண்ட தண்டு வைத்த எஞ்சின், லொறி எஞ்சின் அளவில் ஒன்று, இன்னும் பெரியது ஒன்று. "என்ட ரப்பே, உதில ஒண்டை எங்கட ஊர்ல பூட்டினா நாலு பக்கத்தாலயும் வந்து அள்ளிட்டுப் போவானுகள்" என்றார். யாரும் அந்த எஞ்சின்களை எண்ணவில்லை, அளக்கவில்லை. எனக்கு அது அந்த ஆற்றைவிடப் பெரிய அதிசயமாக இருந்தது.

மூன்றாம் நாள் பின்னேரம் கடற்கரைப் பட்டினம் ஒன்றுக்கு வந்து சேர்ந்தோம். வழி முழுக்கச் செந்நிறப் பழம் தொங்குகிற கள்ளித் தோட்டங்கள், பாலைவனம் போல மணல் மேடுகள். ஆனால் துறைமுகத்துக்கு வந்தபிறகு அதெல்லாம் எங்களுக்கு மறந்துபோனது. நீலமும் சிவப்பும் அடித்த படகுகள் ஒன்றோடு ஒன்று உரசிக்கொண்டு, தண்ணீரே தெரியாமல் நின்றன. மூங்கிலால் பின்னி எண்ணெய் பூசிய வட்டக் கூடைகளில் ஆட்கள் ஏறி, ஒற்றைத் துடுப்பால் கிண்டிக் கிண்டிப் படகுக்குப் போனார்கள். அந்தி மங்கியதும் எஞ்சின்கள் ஒன்றன்பின் ஒன்றாக உறுமின. முழுத் துறைமுகமும் கழன்று கடலுக்குப் புறப்பட்டதுபோல அவர்கள் போனார்கள். கொஞ்ச நேரத்தில் தொடுவானம் நெடுக விளக்குகள்.

அக்கா மணலில் குந்தி அதையே பார்த்தார். "ஆரிட்டப் பிள்ளை கேட்டுப் போறாங்கள்?" என்றார்.

நான் அந்தப் பெண்ணிடம் கேட்டேன். அவளுக்குக் கேள்வி விளங்கவில்லை. திருப்பிக் கேட்டேன்.

"ஒருத்தரிட்டயும் கேக்கிறேல்லையாம் அக்கா. வீட்டில சொல்லிப்போட்டுப் போவினமாம்."

விடிய எழும்பிப் பார்த்தபோது அக்கா படுக்கையில் இல்லை. போய்ப் பார்த்தேன், அதே இடத்தில் நின்று, திரும்பி வருகிற படகுகளைப் பார்த்துக்கொண்டிருந்தார். பெண்கள் தொப்பியும் கூடையுமாக முழங்கால் தண்ணீரில் நின்று தங்கள் தங்கள் ஆட்களை ஏசிக்கொண்டிருந்தார்கள். ஏன் பிந்தினது என்றுதான் ஏச்சு என்று மொழி தெரியாமலே எங்களுக்கு விளங்கியது.

அன்றைக்குக் கடைசி இடம். மீனிலிருந்து ஏதோ செய்கிற வீடு என்று மட்டும் எங்களுக்குச் சொல்லப்பட்டிருந்தது. கருவாடாக்கும் என்று நினைத்துப் போனோம். வாசலிலேயே மணம் அடித்தது. எங்களுக்கு அது பூ மணம்தான். உள்ளே ஆள் உயரத்தைவிட உயர்ந்த மரப் பீப்பாய்கள், தடித்த கயிற்றால் இறுக்கிக் கட்டி, கோயில் தூண்கள் மாதிரி வரிசையாக நின்றன. வீட்டுக்காரி நரைத்த மனுசி, அறுபதுக்குக் கிட்ட இருக்கும், அரைக்கைச் சட்டையும் காற்சட்டையும். ஏணி வைத்து எங்களை ஏற்றிக் காட்டினார். நெத்தலியும் உப்பும், நெத்தலியும் உப்பும் என்று அடுக்கி, மேலே கல் வைத்து, ஒரு வருடம் சும்மா விட்டுவிடுவார்களாம். மீன் கரைந்து அடியில் ஒரு குழாயால் சொட்டுச் சொட்டாக வருமாம்.

எனக்குப் பிரமிப்பாக இருந்தது. நாங்கள் நெத்தலியை வெயிலில் காயப்போட்டு மழை வந்தால் அள்ளிக்கொண்டு ஓடுகிறோம். இவர்கள் பொறுமையைப் போட்டுத் தங்கத்தை வடித்து எடுக்கிறார்கள். குழாயடியில் விழுந்த அந்தத் திரவம் வெளிச்சத்தில் தேன்போல மின்னியது. வீட்டுக்காரி மூன்று சிறு கிண்ணங்களில் பிடித்து, மணந்து பாருங்கள் என்று எங்கள் கையில் தந்தார்.

அக்கா கிண்ணத்தை மூக்குக்குக் கிட்டக் கொண்டுபோனார். அப்படியே நின்றுவிட்டார்.

வழிகாட்டிப் பெண் உற்சாகமாகச் சொல்லிக்கொண்டிருந்தாள். இதுதான் எங்கள் உப்பு, இது இல்லாமல் எங்கள் குசினியில் ஒன்றும் இல்லை; நீங்கள் முதல் நாள் தோய்த்துச் சாப்பிட்டீர்களே, கீரைக்கு விட்டார்களே, அந்தச் சூப்பில் இருந்ததே, எல்லாம் இதுதான் என்று. மொழிபெயர்க்க எனக்கு வாய் வரவில்லை. ஆனால் நானாவுக்கு அந்த அளவு இங்கிலிஸ் விளங்கியது. மூன்று நாளாக அந்த மண்ணிறத் தண்ணீரில் என்ன கலந்திருக்குமோ என்று உள்ளுக்குள் பயந்துகொண்டிருந்தவர் போல, முகம் முழுக்க மலர்ந்து, "மீன்தானா! அல்ஹம்துலில்லாஹ், நான் வேற என்னவோண்டு நினைச்சு..." என்றவர் அக்காவின் முகத்தைக் கண்டதும் பாதியில் நிறுத்திவிட்டார்.

அக்கா கிண்ணத்தைச் சிந்தாமல் கீழே வைத்தார். வெளியே போய், முற்றத்தில் கவிழ்த்து வைத்திருந்த ஒரு சாடியின் மேல் இருந்தார். அழவில்லை. நான் கிட்டப் போனேன். "மாசி போட்டிருக்கோ எண்டுதானே கேட்டனாங்கள்" என்றார். "ஓம் அக்கா" என்றேன். நம்பிக்கை இல்லாதவள் நான். அந்த நேரம் நானும் அந்த அம்மாளிடம் மன்றாடினேன்.

வீட்டுக்காரி பதறிப்போய் என்ன நடந்தது என்று கேட்டார். அக்கா சொல்லச் சொன்னார். நான் இங்கிலிஸில் சொல்ல, அந்தப் பெண் தன் மொழியில் சொன்னாள். அந்த மனுசி முழுவதையும் கேட்டுவிட்டு, அக்காவின் கையைப் பிடித்து வீட்டுக்குள் கூட்டிப்போனார். சுவரோடு ஒரு மாடம், ஊதுபத்தி, பழங்கள், அதற்கு மேலே ஒரு இளைஞனின் படம். அவருடைய கணவர். சண்டைக்குப் போனவர். எந்தப் பக்கத்துப் படையில் என்று நாங்கள் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை. உடல் வரவில்லை, செய்தியும் வரவில்லை. செத்தவர்களுக்கு ஒவ்வொரு வருடமும் செத்த நாளில் சமைத்துப் படைப்பது அங்கே வழக்கம். நாள் தெரியாதவர்களுக்கு, அவர்கள் வீட்டை விட்டுப் புறப்பட்ட நாளை எடுத்துக்கொள்வார்களாம். அன்றைக்கு அவருக்குப் பிடித்ததெல்லாம் சமைத்து, சொந்தத்தைக் கூப்பிட்டுச் சாப்பிடுவார்களாம்.

அக்கா அந்தப் படத்தைக் கிட்டப்போய்ப் பார்த்தார். பிறகு கேட்டார்: "அப்ப, அவர் திரும்பி வந்தா?"

கேள்வி இரண்டு மொழி தாண்டிப் போனது. வீட்டுக்காரி சிரித்தார். வந்தால் அவருக்கும் ஒரு கோப்பை வைப்பேன், தன் படத்துக்கு முன்னால் இருந்து தன் சாப்பாட்டையே சாப்பிடட்டும், இவ்வளவு நாளும் எங்கே போனாய் என்று பிறகு கேட்கிறேன் என்றார்.

பகல் சாப்பாடு அந்த வீட்டிலேயே. பாயில் சுற்றி இருந்தோம். நடுவில் ஆவியில் அவித்த பெரிய மீன், இஞ்சியும் வெங்காயத்தாளும் போட்டு. மீன் என்றால் தங்கு தடையில்லாமல் சாப்பிடக்கூடியவர் நானா. பன்றிக்குப் பயந்து மூன்று நாள் கீரையில் கிடந்தவர். ஆனால் தட்டைத் தள்ளி வைத்துவிட்டு, "எனக்கும் இண்டைக்கு மரக்கறிதான் தங்கச்சி. வயிறு சரியில்ல" என்றார். அவர் பொய் சொன்னார் என்று எங்கள் இரண்டு பேருக்கும் தெரியும்.

அக்கா தட்டைத் தன் பக்கம் இழுத்தார்.

"நானா, நீங்கள் தின்னுங்கோ. நானும் தின்னப்போறன்."

அக்கா எங்கள் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தார்.

"மூண்டு நாளாத் திண்டிருக்கிறன். ஒருக்காலாவது விக்கியிருக்கவேணும். ஒரு சத்தி, ஒரு வயித்துக்குத்து வந்திருக்கவேணும். ஒண்டுமில்லை. அமிர்தம் மாதிரி இறங்கினது. கேட்டுக் கேட்டு ஊத்தித் திண்டனான்." அவருடைய குரல் அப்போதும் உடையவில்லை. "அம்மாள் கண்ணை மூடிக்கொண்டிருக்கிறவ இல்லை, பிள்ளை. காக்கிறதுக்கு ஆள் இருந்திருந்தா, அவ என்ட கையைப் பிடிச்சிருப்பா."

"அப்புடிச் செல்லாதீங்க தங்கச்சி" என்று நானா தொடங்கினார். தொப்பியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டார். அக்கா ஒரு துண்டைப் பிய்த்து, சோற்றோடு பிசைந்து, வாயில் வைத்தார். மென்றார். அப்போதுதான் அவருக்குக் கண்ணீர் வந்தது. துடைக்காமல் சாப்பிட்டார். வீட்டுக்காரி பக்கத்தில் வந்திருந்து, முதுகைத் தடவிக்கொண்டே, அவருடைய கோப்பையில் இன்னும் கொஞ்சம் மீன் வைத்தார். எத்தனையோ ஊர், எத்தனையோ ஆறு பார்த்துவிட்டு வந்தேன். அந்தப் பாயில் இருந்து சாப்பிட்ட அக்காவைப்போல ஒருவரை நான் எங்கேயும் பார்க்கவில்லை.

ஊருக்கு வந்ததும் அக்கா முதலில் கோயிலுக்குப் போனார். அம்மாளிடம் என்ன கதைத்தார் என்று எனக்குத் தெரியாது. "சண்டை பிடிச்சனான்" என்று மட்டும் சொன்னார். பொட்டை அழிக்கவில்லை, தாலியையும் கழற்றவில்லை.

ஆனி மாதம் ஒரு நாள் என்னையும் நானாவையும் சல்லிக்கு வரச்சொன்னார். நானா கிண்ணியாவிலிருந்து லோஞ்ச் படகில் வந்து இறங்கி, சாக்கில் சுற்றிய பாரை மீன் ஒன்றைத் தானே தோளில் தூக்கிக்கொண்டு வந்தார். சொந்தக்காரர் சிலர் வந்தார்கள். என்ன முகத்தோடு வருவது என்று தெரியாமல் முற்றத்திலேயே நின்றார்கள். கணவரின் தங்கச்சிக்குப் பொறுக்கவில்லை.

"இதென்ன மச்சாள், திவசமோ?"

"செத்த நாள் ஆருக்குத் தெரியும்?" என்றார் அக்கா, அடுப்பைப் பார்த்தபடி. "அவர் போன நாள் எனக்குத் தெரியும். இண்டைக்குத்தான் போனவர்."

முதல் இலையை வாசலைப் பார்க்கப் போட்டார். சோறு வைத்தார், பாரைக் குழம்பு வைத்தார். பிறகு இலைக்கு முன்னால் சப்பாணி கட்டி இருந்து, மீனை விரலால் விண்டு, முள்ளை ஒவ்வொன்றாக எடுத்து ஓரத்தில் வைக்கத் தொடங்கினார். கடலிலேயே கிடந்த அந்த மனுசனுக்கு மீன் முள்ளென்றால் பயமாம். சின்ன வயதில் ஒருதரம் தொண்டையில் சிக்கினதாம். கல்யாணம் கட்டிய நாளிலிருந்து அக்காதான் எடுத்துக் கொடுத்தவராம். நாங்கள் பசியோடு பார்த்துக்கொண்டிருந்தோம். அவர் அவசரப்படவில்லை. விரலால் தடவித் தடவிப் பார்த்து, சின்ன முள்ளையும் விடாமல் எடுத்தார்.

"முள்ளெல்லாம் எடுத்திட்டன். ஆறுதலாச் சாப்பிடுங்கோ" என்று இலையைப் பார்த்துச் சொல்லிவிட்டு, கையைக் கழுவிக்கொண்டு எங்களுக்குப் பரிமாற எழும்பினார்.